பெயர் உண்டு, கதை இல்லை: ஹொலிவுட்டின் பழைய இசைச் சரிதைப் படங்கள்

பெருநாள் லீவுக்கு வந்திருந்த என் தங்கச்சியின் மகன், நான் பார்த்துக்கொண்டிருந்த பழைய படத்துக்கு முன்னால் வந்து குந்தினான். ‘டில் த கிளவுட்ஸ் ரோல் பை’ என்ற படம். நியூயோர்க்கின் பிரோட்வே நாடகங்களுக்கு இசையமைத்த ஜெரோம் கேர்னின் வாழ்க்கை வரலாறு என்று சொல்லி, 1946 இல் மெட்ரோ கோல்ட்வின் மேயர் நிறுவனம் வண்ணத்தில் எடுத்தது. தொடக்கத்திலேயே கேர்னின் புகழ்பெற்ற ‘ஷோ போட்’ நாடகத்தின் பாட்டுக் காட்சிகள் வருகின்றன. அதில் லீனா ஹோர்ன் என்ற கறுப்பினப் பாடகி, ஜூலி என்ற பாத்திரமாக நின்று பாடுகிறார்.

“பரவாயில்லயே மாமா. அந்தக் காலத்திலயே கறுப்பு மனுசிக்கி இடம் குடுத்திரிக்கானுகளே!”

“குடுத்திரிக்கானுகள்தான். இன்னும் கொஞ்சம் இரிந்து பாரு.”

இருந்து பார்த்தான். கேர்ன் இங்கிலாந்துக்குப் போகிறார், காதலிக்கிறார், கலியாணம் முடிக்கிறார், பேரும் புகழும் அடைகிறார். ஒரு மணித்தியாலம் கழிந்து மருமகன் கேட்டான்: “எங்க மாமா அந்த மனுசி?” கடைசியில் வரும் பாட்டுத் தொகுப்பில் இன்னொரு பாட்டோடு வருவா என்றேன். “அப்ப கதைக்குள்ள வரமாட்டாவா?”

வரமாட்டார். ஏன் வரமாட்டார் என்பதை அவனுக்கு அன்று சரியாகச் சொல்லக் கிடைக்கவில்லை. இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

1930களின் நடுப்பகுதியிலிருந்து 1950களின் இறுதி வரை ஹொலிவுட் இசைக் கலைஞர்களின் சரிதைப் படங்களை வரிசையாக எடுத்துத் தள்ளியது. ஜோர்ஜ் எம். கோஹன் பற்றிய ‘யாங்கி டூடில் டான்டி’ (1942), ஜோர்ஜ் கேர்ஷ்வின் பற்றிய ‘ரப்ஸடி இன் புளூ’ (1945), கோல் போர்ட்டர் பற்றிய ‘நைட் அன்ட் டே’ (1946), அல் ஜோல்சன் பற்றிய ‘த ஜோல்சன் ஸ்டோரி’ (1946), ரொஜர்ஸ், ஹார்ட் ஆகிய இருவரைப் பற்றிய ‘வேர்ட்ஸ் அன்ட் மியூசிக்’ (1948), ‘த கிளென் மில்லர் ஸ்டோரி’ (1954) என்று பட்டியல் நீளும். இவற்றை வெறும் கலையார்வத்தின் விளைவு என்று எடுத்துக்கொள்ள முடியாது. வார்னர் சகோதரர்கள் 1929 இலேயே பெரிய இசைப் பதிப்பகங்களை விலைக்கு வாங்கியிருந்தார்கள். கையில் பாட்டுகள் இருந்தன. பாட்டுகளைக் கோத்துக் காட்ட ஒரு நூல் வேண்டியிருந்தது. பாட்டை இயற்றியவரின் வாழ்க்கை அந்த நூலாக அமைந்தது.

இந்த அமைப்பை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். கதை ஒரு பக்கம் போகும். பாட்டுக் காட்சி தனியாக நிற்கும். நூலை அறுக்காமலே ஒரு மணியைக் கழற்றி எடுத்துவிடலாம். கறுப்பினக் கலைஞர்கள் எல்லோரும் அந்த மணிகளுக்குள் வைக்கப்பட்டார்கள்.

காரணம் சந்தைக் கணக்கு. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இன ஒதுக்கல் அப்போது சட்டமாக இருந்தது. திரைப்படத்துக்குப் பேச்சுச் சுதந்திரத்தின் பாதுகாப்பு இல்லை என்று 1915 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்ததால், ஒவ்வொரு நகரத்தின் தணிக்கைச் சபையும் தன் விருப்பப்படி வெட்டலாம். அந்தத் தீர்ப்பு மாறியது 1952 இல்தான். மெம்பிஸ் நகரத் தணிக்கைச் சபையின் தலைவராகப் பல வருடங்கள் இருந்த லொயிட் பின்ஃபோர்ட் இவ்விடயத்தில் பேர்போனவர். கறுப்பினத்தவர் வெள்ளையருக்குச் சமமாகத் தோன்றுவதாக அவருக்குப் பட்டால் காட்சி போகும்; சிலவேளை படமே போகும். ஆகவே ஸ்டூடியோக்கள் முன்கூட்டியே வேலையைச் சுலபமாக்கிக் கொடுத்தன. லீனா ஹோர்னைத் தூணொன்றின் அருகிலோ திரைச்சீலைக்கு முன்னாலோ நிறுத்திப் பாடவைத்தார்கள். அவரை வெட்டி எடுத்தால் கதையில் ஒரு சொல்லும் குறையாது. வெட்டுவதற்கு வசதியாகவே தைத்த சட்டை அது.

‘வேர்ட்ஸ் அன்ட் மியூசிக்’ படத்தில் லீனா ஹோர்ன் தன் சொந்தப் பெயரிலேயே தோன்றி இரண்டு பாட்டுப் பாடுகிறார். ‘ரப்ஸடி இன் புளூ’ படத்தில் பியானோக் கலைஞர் ஹேசல் ஸ்கொட் தன் சொந்தப் பெயரிலேயே வருகிறார். ‘கிளென் மில்லர் ஸ்டோரி’யில் லூயி ஆம்ஸ்ட்ரோங் லூயி ஆம்ஸ்ட்ரோங்காகவே வருகிறார். மேலோட்டமாகப் பார்த்தால் இது மரியாதை. அந்தக் காலத்தில் கறுப்பின நடிகைக்குக் கிடைத்த வழமையான வேடம் வேலைக்காரி. பில்லி ஹொலிடே போன்ற மகத்தான பாடகிக்கே, அவர் நடித்த ஒரே முழுநீளப் படமான ‘நியூ ஓர்லியன்ஸ்’ (1947) இல் கிடைத்தது வேலைக்காரி வேடம்தான். அதோடு ஒப்பிட்டால் சொந்தப் பெயரில், நல்ல உடுப்போடு, தலை நிமிர்ந்து பியானோ முன் அமர்வது சின்ன விடயமல்ல. ஹேசல் ஸ்கொட் அதைப் போராடித்தான் பெற்றார். வேலைக்காரி வேடங்களை மறுத்தார். 1943 இல் ஒரு படப்பிடிப்பில் கறுப்பினப் பெண்களுக்கு அழுக்கு ஏப்ரன் உடுத்தக் கொடுத்தபோது வேலையை நிறுத்தினார். அந்த உடைகள் மாற்றப்பட்டன. விலையாக அவரது ஹொலிவுட் வாழ்க்கை சீக்கிரமே முடிந்துபோனது.

அந்த மரியாதையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் சொந்தப் பெயர் கிடைத்ததும் வாழ்க்கை கிடைத்துவிட்டதா? ‘ரப்ஸடி இன் புளூ’ படத்தில் ஹேசல் ஸ்கொட் வாசிப்பது 1920களின் பரிஸ் நகர விடுதி ஒன்றில். அவர் பிறந்ததே 1920 இல்! கேர்ஷ்வினின் பரிஸ் நாட்களில் அவர் சிறு குழந்தை. இந்தப் பிழை யாரையும் உறுத்தவில்லை. ஏனென்றால் அவர் யார், எங்கிருந்து வந்தார், எப்படி அங்கே வந்து சேர்ந்தார் என்ற கேள்விகளுக்கு அந்தப் படத்தில் இடமே இல்லை.

இடம் இல்லாமல் போனதற்கு நேரமின்மை காரணமென்று யாரும் சொல்ல வேண்டாம். அதே படத்தில் கேர்ஷ்வினுக்கு இரண்டு காதலிகளைக் கற்பனையாகப் படைத்து உலாவவிட்டிருக்கிறார்கள். கேர்ன் படத்தில் ஜேம்ஸ் ஹெஸ்லர் என்ற நண்பரையும் அவருக்கு ஒரு மகளையும் புதிதாக உண்டாக்கி, அந்த மகளின் மனக்குறைக்கும் நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். உலகத்தில் பிறக்கவே பிறக்காதவர்களுக்குக் கதை இருக்கிறது. திரையில் உயிரோடு நிற்கும் மனிதருக்கு மூன்று நிமிடப் பாட்டுத்தான் இருக்கிறது.

எனக்கு மிகவும் வலித்த உதாரணம் ஆன் பிரவுன். கேர்ஷ்வினின் ‘போர்கி அன்ட் பெஸ்’ ஒப்பேராவில் 1935 இல் முதன்முதலாகப் பெஸ் வேடமேற்றவர் இவர். ஜூலியாட் இசைக் கல்லூரி மாணவியாக இருந்தபோது தானே கேர்ஷ்வினுக்குக் கடிதம் எழுதிப் போய்ப் பாடிக் காட்டியவர். அவருடைய குரலைக் கேட்டுக் கேட்டே பெஸ் பாத்திரம் விரிந்தது. இந்தக் கதைக்கு ஒரு முன்கதையும் உண்டு. அதே போர்கியை, முகத்தில் கரி பூசிக்கொண்டு தான் நடிப்பதற்கு அல் ஜோல்சன் விரும்பினார். கேர்னும் ஹமர்ஸ்டைனும் அதற்கு இசையும் வரிகளும் எழுதுவதாகப் பேச்சிருந்தது. அது கைகூடவில்லை. கேர்ஷ்வின் கறுப்பினப் பாடகர்களை வைத்தே தன் ஒப்பேராவை நடத்தினார். 1936 இல் வொஷிங்டன் தேசிய அரங்குக்கு அது போனபோது, அங்கே பார்வையாளரில் இன ஒதுக்கல் இருந்தது. தம் மக்கள் விரும்பிய இடத்தில் அமர்ந்து பார்க்க முடியாத அரங்கில் பாடமாட்டோம் என்று ஆன் பிரவுனும் டொட் டங்கனும் மற்றக் கலைஞர்களும் நின்றுகொண்டார்கள். நிர்வாகம் இறங்கி வந்தது. அந்தச் சில நாட்களுக்கு அங்கே எல்லோரும் ஒன்றாக அமர்ந்தார்கள்.

ஒரு திரைக்கதாசிரியருக்கு இதைவிட நல்ல காட்சி வேறென்ன வேண்டும்? கேர்ஷ்வினின் சரிதையில் இது உண்மையாகவே ஒரு கட்டம். அதில் பங்குபற்றியவரே படப்பிடிப்புத் தளத்தில் நிற்கிறார். ஆனாலும் ‘ரப்ஸடி இன் புளூ’ அவரைப் பாடவைத்து அனுப்பிவிட்டது. சில வருடங்களில், 1948 இல், தன் நாட்டின் நிறவெறி பொறுக்காமல் ஆன் பிரவுன் நோர்வேக்குப் போய்க் குடியேறினார்.

லீனா ஹோர்னின் கதையும் இதற்குக் குறைந்ததல்ல. அவர் பாடிய ஜூலி பாத்திரம், கறுப்புத் தாய்வழியை மறைத்து வெள்ளைக்காரியாக வாழும் பெண், கணவன் வெள்ளையன். ஹொலிவுட்டின் தயாரிப்பு விதிக்கோவை, கறுப்பு வெள்ளை இனத்தவருக்கு இடையிலான உறவைத் திரையில் காட்டத் தடைவிதித்திருந்தது. 1951 இல் அதே நிறுவனம் ‘ஷோ போட்’டை முழுப் படமாக எடுத்தபோது ஜூலியாக நடித்தவர் வெள்ளை நடிகை ஆவா கார்ட்னர். பாட்டுக்கு வேறொருவரின் குரல் வைக்கப்பட்டது. கலப்பினப் பெண்ணின் துயரத்தைச் சொல்லலாம், சொல்லும் முகம் மட்டும் வெள்ளையாக இருக்கவேண்டும் என்பதே இதன் பொருள். இதில் இன்னொரு வேடிக்கை: லீனா ஹோர்ன் 1947 இல் கலியாணம் முடித்த லெனி ஹேட்டன், மெட்ரோ நிறுவனத்தின் இசை நெறியாளர், வெள்ளையர். கலிபோர்னியாவில் அத்தகைய திருமணத்துக்குச் சட்டம் அப்போது இடம்தரவில்லை. பரிஸுக்குப் போய் முடித்தார்கள். மூன்று வருடங்கள் அதை வெளியே சொல்லவில்லை. ஜூலியின் கதையை நிஜத்தில் வாழ்ந்துகொண்டிருந்தவருக்கு ஜூலி கிடைக்கவில்லை.

நியாயமாகப் பார்த்தால், வாழ்க்கை கிடைத்தவர்களுக்கும் முழு வாழ்க்கை கிடைக்கவில்லை. கேர்ன், கேர்ஷ்வின், ரொஜர்ஸ், ஹார்ட் எல்லோரும் யூதர்கள். இந்தப் படங்களை எடுத்த ஸ்டூடியோ முதலாளிகளில் பலரும் யூதர்களே. ஆனால் யூத எதிர்ப்பு மலிந்திருந்த நாட்டில் அதை உரக்கச் சொல்ல அவர்கள் பயந்தார்கள். போர்ட்டரும் ஹார்ட்டும் தன்பாலீர்ப்புடையவர்கள். அது பற்றி எமது மார்க்கத் தீர்ப்பு எல்லோரும் அறிந்தது. நான் இங்கே பேசுவது வரலாற்று நேர்மையை. ‘நைட் அன்ட் டே’ அந்த மணவாழ்வின் சிக்கலுக்கு வேலைப்பளுவைக் காரணம் காட்டுகிறது. ‘வேர்ட்ஸ் அன்ட் மியூசிக்’ ஹார்ட்டின் தனிமைக்கு ஒரு பெண்ணின் நிராகரிப்பைக் காரணமாக்குகிறது. இல்லாத காரணத்தைச் சொல்வதைவிட மௌனம் நல்லது.

யூத அடையாளத்தைத் துணிந்து காட்டியது ‘ஜோல்சன் ஸ்டோரி’. தகப்பன் யூத ஆலயத்தில் வேதத்தை இராகத்தோடு ஓதும் ‘ஹஸான்’. பிள்ளை மேடைப் பாட்டுக்குப் போகிறான். இந்த மோதல் படத்தில் மனதைத் தொடும்படி வருகிறது. ஆனால் அந்தப் பிள்ளை மேடையேறுவது முகத்தில் கரி பூசிக்கொண்டு. நியூ ஓர்லியன்ஸில் கறுப்பினக் கலைஞர்களின் இசையைக் கேட்டு மெய்ம்மறந்து நிற்கும் காட்சியும் உண்டு. இசை அவர்களிடமிருந்து வருகிறது. அவர்களுக்குக் கதையுமில்லை. ஒரு சிறுபான்மை மனிதன் பெரும்பான்மையின் வாசலுக்குள் நுழைய இன்னொரு சிறுபான்மையின் முகத்தை முகமூடியாக அணிந்துகொள்கிறான். படம் இதைக் கொண்டாட்டமாகவே பார்க்கிறது. இந்த இடம் சிறுபான்மையினரான வாசகர்கள் நின்று யோசிக்க வேண்டிய இடம் என்பது என் எண்ணம்.

சரி, கறுப்பினக் கலைஞருக்கே ஒரு படம் கிடைத்தால்? இரண்டைச் சொல்லலாம். ‘ஸ்டோமி வெதர்’ (1943) நடனக் கலைஞர் பில் ரொபின்சனின் வாழ்க்கையைத் தழுவியது. அவரே நடித்தார். நடனமும் இசையும் அபாரம். நிக்கலஸ் சகோதரர்களின் படிக்கட்டு நடனத்தை இன்றைக்குப் பார்த்தாலும் மூச்சு நின்றுவிடும். ஆனால் ரொபின்சனின் உண்மை வாழ்க்கையில் ஒவ்வொரு படியிலும் குறுக்கே நின்ற நிறவெறி அங்கே இல்லை. வெள்ளையரே அனேகமாக இல்லாத உலகம் அது. அடித்தவனைக் காட்டாமல் அடிபட்டவனின் சரிதையை எழுதினால், தழும்புக்குக் காரணம் சொல்ல முடியாது.

மற்றது ‘சென் லூயிஸ் புளூஸ்’ (1958). புளூஸ் இசையை ஏட்டில் எழுதிப் பரப்பிய டபிள்யூ. சி. ஹன்டியின் சரிதை. ஹன்டியாக நடித்தவர் நாட் கிங் கோல். எர்தா கிட், பேர்ல் பெய்லி, மஹலியா ஜக்சன், எலா ஃபிட்ஸ்ஜெரால்ட் என்று ஒரு பெரும் கூட்டமே நடித்தது. இரண்டு வருடங்களுக்கு முன், 1956 ஏப்ரலில், அலபாமாவின் பேர்மிங்ஹாம் நகர மேடையில் பாடிக்கொண்டிருந்த நாட் கிங் கோலை வெள்ளை இனவெறியர்கள் ஏறித் தாக்கியிருந்தார்கள். ஹன்டி பிறந்ததும் கோல் பிறந்ததும் அதே அலபாமாவில். இவ்வளவும் தெரிந்த ஒருவர் படத்தைப் பார்க்கப் போனால் ஏமாற்றம் காத்திருக்கிறது. படத்தின் முதன்மையான மோதல் ஹன்டிக்கும், இசையைச் ஷைத்தானின் வேலையாகக் கருதும் போதகரான தகப்பனுக்கும் இடையில். 1912 இல் ஹன்டி தன் ‘மெம்பிஸ் புளூஸ்’ பாட்டின் உரிமையை வெறும் 50 டொலருக்கு இழந்ததும், அந்த உரிமை திரும்பக் கிடைக்க 28 வருடங்கள் சென்றதும், அந்த ஏமாற்றத்துக்குப் பிறகு அவர் சொந்தப் பதிப்பகம் தொடங்கியதும் அல்லவா அவருடைய வாழ்க்கையின் முதுகெலும்பு? அதற்குப் பதிலாகக் குடும்பச் சண்டை. குற்றவாளி வீட்டுக்குள்ளேயே கண்டுபிடிக்கப்படுகிறான்: மார்க்கப்பற்றுள்ள தகப்பன்.

இந்தத் தகப்பனைப் பற்றி நம் வாசகர்களோடு கொஞ்சம் பேச வேண்டும். ‘ஜோல்சன் ஸ்டோரி’யிலும் தகப்பன் மதவாதி, ‘சென் லூயிஸ் புளூஸ்’ இலும் தகப்பன் மதவாதி. இரண்டு பேருக்கும் ஒரே வேலை. முதலில் மறுப்பார்கள். கடைசியில் மகனுக்குக் கிடைக்கும் கைதட்டலைக் கேட்டு மனம் மாறுவார்கள். அவர்கள் ஏன் மறுத்தார்கள் என்று எந்தப் படமும் கேட்பதில்லை. ஹன்டி 1941 இல் வெளியிட்ட தன் சுயசரிதையில் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். சிறுவயதில் காசு சேர்த்து ஒரு கிட்டார் வாங்கி வந்தபோது, அதைக் கடையில் திருப்பிக் கொடுத்து ஓர் அகராதி வாங்கி வரும்படி தகப்பன் அனுப்பினார். முதல் வாசிப்பில் இது பிற்போக்கு. ஆனால் அடிமைகளுக்கு எழுத வாசிக்கக் கற்றுக்கொடுப்பதே குற்றமாக இருந்த மாநிலம் அலபாமா. அடிமைமுறை ஒழிந்து எட்டு வருடங்களில் பிறந்த பிள்ளை ஹன்டி. அந்தத் தகப்பனுக்கு அகராதி என்பது விடுதலை. அவர் சொன்னது சரியா பிழையா என்பது வேறு. அவரிடம் ஒரு நியாயம் இருந்தது. இசை ஆகுமா ஆகாதா என்று தலைமுறை தலைமுறையாக விவாதித்துவரும் ஒரு சமூகத்துக்கு, அந்த மறுப்புக்குள்ளும் ஒரு மனிதன் இருக்கிறான் என்பது விளங்கும். திரைக்கு விளங்கவில்லை. கறுப்பினத்தவருக்கு நடந்ததுதான் மார்க்கப்பற்றுள்ளவருக்கும் நடந்தது: உரு இருக்கிறது, உள்ளம் இல்லை.

இதே காலத்தில் அமெரிக்க ஜாஸ் உலகில் நடந்த இன்னொரு விடயம் இந்தப் படங்களின் கண்ணில் படவேயில்லை. கறுப்பினக் கலைஞர்கள் பலர் இஸ்லாத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள். டிரம் கலைஞர் ஆர்ட் பிளேக்கி, அப்துல்லாஹ் இப்னு புஹைனா என்று பெயர் வைத்துக்கொண்டார். பியானோக் கலைஞர் அஹ்மத் ஜமால், சக்ஸஃபோன் கலைஞர் யூசுப் லதீஃப் ஆகியோர் அந்தப் பெயர்களிலேயே உலகப் புகழ் பெற்றார்கள். அவர்களில் பலருக்கு இஸ்லாம் அறிமுகமானது அஹ்மதிய்யாப் பிரசாரகர்கள் ஊடாக என்பதை மறைக்கத் தேவையில்லை. அது தனியாகப் பேசவேண்டிய விடயம். நான் இங்கே காண்பது பெயர் பற்றிய வேறுபாட்டை. ஹொலிவுட் கறுப்பினக் கலைஞருக்கு அவருடைய பெயரைக் கொடுத்து, அதோடு நிறுத்திக்கொண்டது. இவர்களோ தங்கள் பெயரைத் தாங்களே தேர்ந்து, அதிலிருந்து ஒரு வாழ்க்கையைத் தொடங்கினார்கள்.

பிரதிநிதித்துவம் என்ற சொல் நமக்குப் புதிதல்ல. பெரும்பாலும் அதை ஆசனக் கணக்காகவே பேசிப் பழகியிருக்கிறோம். எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்று எண்ணுவோம். இந்தப் படங்களைப் பார்த்தபின் எனக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கை குறைந்துவிட்டது. எண்ணிப் பார்த்தால் லீனா ஹோர்ன் இருக்கிறார், ஆம்ஸ்ட்ரோங் இருக்கிறார், ஆன் பிரவுன் இருக்கிறார். கத்தரிக்கோலை எடுத்து அவர்களை வெட்டிப் பாருங்கள். கதை அப்படியே ஓடும். ஒரு படத்திலோ நாவலிலோ நம்மைப் போன்ற ஒருவர் வந்தால், தொப்பி சரியாக இருக்கிறதா, ஸலாம் சரியாகச் சொல்கிறாரா என்று பார்ப்பதோடு, அவரை நீக்கினால் கதை எங்கேயாவது கிழிகிறதா என்றும் பார்ப்போம்.

மருமகன் போகும்போது கேட்டான்: “அப்ப லீனா ஹோர்ன்ட கதைய ஆருதான் சொன்ன?”

அவவேதான் சொன்னா, என்றேன். 1981 இல், அறுபது வயதைக் கடந்த பிறகு, பிரோட்வே மேடையில் தன் வாழ்க்கையையும் பாட்டையும் ஒன்றாக வைத்து ஒரு நிகழ்ச்சி நடத்தினார். முந்நூறு தடவைக்கு மேல் அது மேடையேறியது. அவருக்கு அதற்காக விசேட டோனி விருதும் கிடைத்தது. அந்த மேடையில் அவரை வெட்டி எடுக்க எவராலும் முடியவில்லை. வெட்டினால் அங்கே வேறெதுவும் மிஞ்சியிருக்காது.